உறைக்குள் அடங்கும் பூக்கள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக் காவலாளி எப்போதும் சவரம் செய்யாத நரைத்தாடியோடு இருப்பார். ஒரு வாரமாகக் காலையில் தன் மேசை முன்னால் இருந்தபடி அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். விரித்தால் பெட்டியாகி, உள்ளே கடதாசிப் பூக்கள் நிமிரும் வாழ்த்து மட்டை. ஒவ்வொரு பூவை ஒட்டியதும் அதை மடித்து, உறைக்குள் போகிறதா என்று பார்ப்பார்.

“ஆருக்கு அண்ணை?” என்று கேட்டேன்.

“மனிசிக்கு. அறுபதாம் பிறந்தநாள்.”

“அது போன மாசம் ஹோலில நடந்ததெல்லோ?”

“அது எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில போட்ட பொய்த் திகதி. பிள்ளையளுக்கும் அதுதான் தெரியும். இது அவ உண்மையாப் பிறந்த நாளுக்கு.”

“எப்ப?”

சிரித்துக்கொண்டே அடுத்த பூவை மடித்தார்.

பிறகு ஒருநாள் காலை மேசையில் கத்தரிக்கோல் இல்லை; ஒட்டி முடித்த உறை மட்டும் இருந்தது. அவர் மழுங்கச் சவரம் செய்திருந்தார். “குட் மோர்னிங் அண்ணை” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.