மறைவு தேதி

சனிக்கிழமை, காலை பதினொன்றே கால், அம்பத்தூர் ஃபிளெக்ஸ் கடை. வேண்டியது ஒரே ஒரு படம்.

லாவோஸில் தனியாகச் சுற்றப் போன தங்கச்சியைக் காணவில்லை. போன வாரத்திலிருந்து போன் ஆஃப். நாளை சர்ச்சில் ஜெபத்துக்கு வைக்க அம்மா பெரிய படமாகக் கேட்டார்.

கடைக்காரர் மானிட்டரைத் திருப்பினார். தங்கச்சிக்குக் கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி.

“சின்ன பொண்ணா கீதே. மறைவு தேதி இன்னா நைனா?”

“சாவலண்ணா. காணோம்.”

எழுத்தையும் மெழுகுவத்தியையும் அழித்தார். “மன்ச்சுக்கோ நைனா. பெரிய போட்டோன்னாலே கை அந்த டிசைனுக்குதான் போவுது.”

சண்டை போடத் தோன்றவில்லை. மறைவு என்றால் கண்ணில் படாததும்தானே.

இனி செய்ய வேண்டியவை:

1. அவர் அழிக்க மறந்த கறுப்பு பார்டரை, அம்மா பார்ப்பதற்குள் வெட்ட வேண்டும்.
2. தூதரகத்துக்கு மறுபடி மெயில்.
3. இந்தப் பதிவின் கீழே மெழுகுவத்தி எமோஜி போடுகிறவர்களை பிளாக் செய்ய வேண்டும். லாவோஸில் ஆள் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.