பழனிக்கு நடந்து போட்ட மொட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வடமதுரையிலிருந்து சைக்கிளில் முருங்கைக்காய்க் கட்டு ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மிதித்தவனுக்கு இன்று சொந்தமாக மூன்று லாரி. எவனும் என்னைக் கைதூக்கி விட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

என் வீட்டுக்காரிக்குக் கழுவுகிற வியாதி. அதை வியாதி என்றே பல வருஷம் நான் நினைக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். கைத்தோல் வெடித்து ரத்தம் கசியும். ஊரே குடத்தோடு தெருக்குழாயில் நின்ற கோடையில், "எம் பொண்டாட்டி கழுவுறதுக்கே லாரித் தண்ணி எறக்குறேன், தெரியும்ல?" என்று டீக்கடையில் மார் தட்டினேன். வீட்டுக்குள் வேறு பேச்சு. "போதும்டி, கை அழுகிப் போயிரும்" என்று கத்துவேன். "இன்னும் ஒரே தடவைங்க" என்பாள், அழுதுகொண்டே. இவள் கழுவுவதை நிறுத்தினால் பழனிக்கு நடந்து வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

போன மார்கழியில் நிறுத்திவிட்டாள். அடுப்படிப் பக்கமே போகவில்லை, கட்டிலோடு கிடந்தாள். பல வருஷ அலுப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டு நடந்தேன். வழியில் கண்டவர்களிடமெல்லாம் முருகன் கேட்டுவிட்டான் என்று சொன்னேன். கால் கொப்புளத்தோடு திரும்பினால், கொடைரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் வாசலில் நிற்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா போன் போட்டு வரவழைத்திருக்கிறார்.

"அம்மா சோறு தின்னு மூணு நாளாச்சு. தலை சடை புடிச்சுக் கெடக்கு. நீங்க மொட்டை போட்டு வாரீகளாக்கும்?"

மகளோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது நான்தான் முந்திக்கொண்டு, "கழுவுறது நின்னுபோச்சுங்க" என்றேன்.

"நிக்கலய்யா. கழுவணும்ங்கிற நெனப்பு உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. எந்திரிச்சுப் போறதுக்குத்தான் தெம்பில்ல. வருஷக்கணக்கா அதோட மல்லுக்கட்டி மனசு சோந்து விழுந்துருச்சு. ரெண்டுக்கும் சேத்துத்தான் வைத்தியம் பாக்கணும்."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பாமல் அவரிடம் சொன்னாள்: "கழுவுனப்பயாச்சும் இவுக பக்கத்துல வந்து நின்னு வைவாக. படுத்தப்பறம் எட்டிக்கூடப் பாக்கல."

மார்க்கெட்டில் என் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அன்று டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாத்திரை தொடங்கியாயிற்று. இப்போது சோற்றுத்தட்டோடு கட்டிலருகே உட்காருகிறவன் நான்தான். இரண்டு வாய் வாங்குகிறாள். மூன்றாவதற்குத் தலையை ஆட்டிவிடுகிறாள். என் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு வாய்கூட வாங்கவில்லை.