ஐஸ் குச்சியால் எழுதும் மாஜிதா

ஐஸ் குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, மையில் தோய்த்து, தன் இடது முன்கையில் ஒரு 'ழ' போட்டுப் பார்க்கிறார் மாஜிதா. கோடு வளைவில் தடித்துச் சுழியில் மெலிந்தால்தான் குச்சி தேறியது என்று அர்த்தம். வகுப்பு தொடங்குவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ழகரங்கள் ஏறிவிடும். "கைய மருதாணிக்கு விட்டு வச்சாத்தான் என்னன்னு வீட்ல கேக்காக" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பால்கோவாக் கடை மாடியில், சனிக்கிழமை மாலைகளில் அவருடைய அழகெழுத்து வகுப்பு. கீழே பால் சுண்டும் வாசம் எங்கள் வாழ்த்து அட்டைகளிலும் ஒட்டிக்கொள்ளும். மற்ற நாட்களில் அவர் ஃப்ளெக்ஸ் கடையில் பிறந்தநாள் பேனர் வடிவமைக்கிறார். "கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் ஒரே மூஞ்சி. கையில எழுதுனா ஒவ்வொண்ணும் ஒரு ஆளு" என்பார். குச்சியை அமுக்கினால் மட்டும் பொறுக்க மாட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான்; என் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "படிச்ச கை அம்புட்டும் ஆணி அடிக்கிற கைதான். தடவிக் குடுங்க தம்பி, அதுவா ஓடும்" என்றார்.

போன சனிக்கிழமை வகுப்பே பரபரத்துக் கிடந்தது. மம்சாபுரம் பாண்டிசெல்வி அக்காவின் மகள் கார்த்திகாவுக்குப் போலீஸ் பயிற்சி முடிகிறது; மறுநாள் காலை மதுரையில் அணிவகுப்பு. தன் கையால் எழுதிய அட்டையை அங்கே மகளிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் அக்கா வகுப்பில் சேர்ந்ததே. அன்று மாலை மதுரை பஸ் ஏற வேண்டும். 'சல்யூட் கார்த்திகா' என்று அவர் எழுதி முடித்ததும் எல்லோரும் கை தட்டினோம். அந்தச் சந்தோஷத்தில், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல, அட்டையின் நான்கு மூலையிலும் அக்கா மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டார். மஞ்சள் தண்ணீர் வழிந்து காயாத மையைத் தொட்டது. 'சல்யூட்' கரைந்து ஓடியது.

"என்னம்மா, மக மழையில நின்னு சல்யூட் அடிக்காளா?" என்றார் எங்களோடு படிக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஐயாதுரை.

அக்கா சிரிக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு மஞ்ச வைக்காம எப்பிடிக் குடுக்கது? இனி எங்கிட்டு எழுத, பஸ்சு வந்துருமே" என்று கண் கலங்கினார்.

மாஜிதா புது அட்டையை அவர் முன்னால் வைத்தார். "மஞ்ச வேண்டாம்னு யாரு சொன்னா? மொதல்ல மஞ்ச வைங்க. அது காஞ்ச பொறவு மை. ஐயாதுரை அண்ணே, நீங்க எறங்கிப் போயி பஸ்ஸ செத்த நேரம் மறிங்க."

அக்கா மஞ்சள் வைக்க, மாஜிதா சேலை முந்தியால் விசிறி விசிறி மூலைகளை உலர்த்தினார். அக்காவின் குச்சி நகர நகர, மாஜிதாவின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே எழுதின. "அமுக்காதிய மதினி... அந்தா, ஓடுது பாருங்க."

இரண்டாவது 'சல்யூட்' முதலாவதைவிட நிமிர்ந்து நின்றது.

கீழே பஸ் ஹார்ன் அடித்தது. அக்காவின் இரு கையிலும் பைகள். மையோ இன்னும் ஈரம். மாஜிதா அட்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் படியிறங்கி, சாலையைக் கடந்து, பஸ்ஸுக்குள்ளும் ஏறிவிட்டார். அக்காவும் நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"வழியனுப்ப வந்தவங்க எறங்குங்க" என்றார் நடத்துநர்.

"இந்தா இருக்கிற கிருஷ்ணன்கோவிலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றார் மாஜிதா, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்குள்ள காஞ்சிரும்."

பிறகு குனிந்து, எழுத்துகளின் மேல் மெல்ல ஊதத் தொடங்கினார்.