வெடிச்சிரிப்புக்காரியும் சுவரில்லாத செல்களும்

என் தங்கை சிரித்தால் பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் தானாகக் கழன்றுகொள்ளும். நம்பாதவர்கள் அந்த வீட்டுக்காரரையே கேட்கலாம். பயந்துபோய் அவர் வீடு மாறிவிட்டார் என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் பார்க்கும் வேலையோ, மூச்சுவிடவே யோசிக்க வேண்டிய வேலை. தோட்டத்து உருளைக்கிழங்கு ருசிக்கும். ஆனால் கருகல் நோய் வந்தால் படுத்துவிடும். காட்டு உருளைக்கிழங்கை நோய் அண்டாது. ஆனால் ஒரே கசப்பு. பூவோடு பூ சேர்த்தாலும் இரண்டும் ஒட்டாது. அதனால் ஆய்வகத்தில் இரண்டின் செல்களையும் எடுத்து, நொதியில் சுவரைக் கரைத்து, பாகு போன்ற ஒரு கரைசல் ஊற்றி இணைப்பார்கள். சுவரில்லாத செல் சோப்புக் குமிழி மாதிரி. மேசை அதிர்ந்தால் போச்சு.

இவள் சிரித்தால் மேசை அதிராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, ஊற்றிய கையோடு செல்கள் கிடக்கும் தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

"இந்தத் தட்டும் போச்சுன்னா நீ பாத்திரம் கழுவுற பக்கம் போயிடும்மா," என்றார் ஆய்வகத் தலைவி. சிரித்தே யாரும் பார்த்திராத மேடம். கழுவும்போது மாட்டிக்கொள்ள, தங்கையின் அளவுக்கு ரப்பர் ஏப்ரன்கூட ஆணியில் தொங்கியது.

அன்று தங்கை கரைசலை ஊற்றினாள். மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். தோட்டத்துக் கிழங்கின் பச்சைச் செல் ஒன்றும் காட்டுக் கிழங்கின் நிறமில்லாத செல் ஒன்றும் அருகருகே கிடந்தன. மேடம் தன்னை மறந்து கிசுகிசுத்தார்: "கிட்ட வாங்கடா கண்ணுங்களா... என்ன வெக்கம்? இங்க யாரும் பாக்கல."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சைக்கிள் கொட்டகைக்குப் போய்த்தான் கையை எடுத்தாள். நின்ற சைக்கிள்கள் எல்லாம் தாமாக மணி அடித்தன.

"அக்கா, அழறீங்களா, சிரிக்கிறீங்களா?" என்றார் காவலாளி.

"எனக்கே தெரியலண்ணே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரனுக்குத் தயாராகத் திரும்பினாள்.

"எங்கம்மா போன? வந்து பாரு," என்றார் மேடம்.

ஒரே செல், பாதி பச்சை, பாதி பளிங்கு. தூக்கிப் பார்க்க ஆளில்லாததால் தட்டு அசையாமல் கிடந்திருக்கிறது. செல்கள் இணைய வேண்டியதும் அந்த அசையாமைதான்.

அந்தச் செல் பெருகித் துளிர்விட்டுத் தொட்டிக்கு வந்தது. கருகல் நோய்க் கிருமியைத் தெளித்துப் பார்த்தார்கள். ஓர் இலைகூடக் கருகவில்லை. தங்கையின் மேசை தங்கைக்கே.

இப்போது கரைசல் ஊற்றியதும் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும் என்று சட்டம். கொட்டகையில் இரண்டு பேர் சிரிப்பு கேட்கிறது: ஒன்று தங்கை, இன்னொன்று மேடம். அந்த ஏப்ரனைக் காவலாளி மழைக்கு மாட்டிக்கொள்கிறார்.