மூச்சு இல்லாத சாக்ஸபோன்

1. மேடத்தின் போன்

"சார், இத ஆள் வாசிக்கல. மெஷின் வாசிச்சிருக்கு."

நிவேதா மேடம் போனில் இப்படிச் சொன்னபோது அரியலூரில் என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தை எடிட் செய்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடியில் ஒரு அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துவிட்டு, கச்சேரிகள் குறைந்ததும் இந்த அறைக்குள் வந்தவன் நான். ஆட்டோ விளம்பரம், கட்சிக்கூட்ட அறிவிப்பு, காதுகுத்து வீடியோவுக்குப் பின்னணி இசை என்று பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

மேடம் பெரம்பலூர் பைபாஸில் காபி ஷாப் வைத்திருப்பவர். கடையில் போடுவதற்கு ஜாஸ் பாணியில் சொந்தமாக ஆறு இசைத் துண்டுகள் கேட்டிருந்தார். யாரோ நெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் போட்டு ஒருமுறை நோட்டீஸ் வாங்கியவர். அதனால் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "சுட்டதா இருக்கக் கூடாது சார். கம்ப்யூட்டரே போட்டதாவும் இருக்கக் கூடாது. மெயினா வாசிக்கிறவர் பேர மெனு கார்டுலயே போடுவேன்."

ஜாஸ் எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. அதன் மேலேயே எனக்குச் சந்தேகம்தான். கச்சேரியில் கைதவறி விழுந்தால் திட்டு வாங்கித் தரும் சுரங்களை அவர்கள் வேண்டுமென்றே அமுக்குகிறார்கள். தாளத்தை நேராகப் போட்டால் ஜாஸ் வராது. ஒரு அடி விட்டு ஒரு அடி கொஞ்சம் சோம்பி வர வேண்டும். சாஃப்ட்வேரில் அதற்கு ஸ்விங் என்று ஒரு குமிழ் உண்டு. அதை எவ்வளவு திருப்புவது என்று தெரியாமல் ஒரு வாரம் மண்டை காய்ந்தேன். கூடத் திருப்பினால் நொண்டி நடை, குறைத்தால் பள்ளிக்கூட பிரேயர். ஒருவழியாகப் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றையும் கீபோர்டிலேயே வாசித்து முடித்தேன். சாக்ஸபோன் மட்டும் கீபோர்டில் சகிக்கவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தவன் அந்தோணிராஜ். ஆண்டிமடத்தில் முந்திரி குடோனில் வேலை. மாதா கோயில் திருவிழாக் காலத்தில் ஏலாக்குறிச்சி சுற்றுவட்டார ஊர்களில் பேண்டு செட்டோடு சேர்ந்து தேர்ப் பவனிக்கு சாக்ஸபோன் வாசிப்பான். தேர் ஏதாவது தெருமுனையில் நின்றுவிட்டால், மறுபடி கிளம்பும்வரை முடிந்த பாட்டையே எத்தனை முறை வாசிப்பது? பாட்டை விட்டு வெளியே போய், சும்மா சுற்றிச் சுற்றி எதையாவது வாசிப்பான். ஒருமுறை வாசித்தது அடுத்த முறை வராது. ஜாஸ்காரர்கள் செய்வதும் இதைத்தானே!

என் அறைக்குக் கீழே வெல்டிங் பட்டறை. அங்கே உட்கார்ந்து அவன் வாசிக்க முடியாது. அதனால் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை அவனிடம் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை குடோன் காலியாக இருந்தபோது, முதல் துண்டுக்கான என் இசையை இயர்போனில் கேட்டுக்கொண்டே வாசித்து, ரெக்கார்டரைத் தெரிந்த பஸ் கண்டக்டர் மூலம் திருப்பி அனுப்பினான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து மேடத்துக்கு அனுப்பினேன். அதற்குத்தான் இந்தப் போன்.

"நல்லா கேளுங்க சார். ஆள் வாசிச்சா நடுவுல மூச்சு இழுப்பாங்கல்ல? ஒரு எடத்துலகூட அந்தச் சத்தம் இல்ல. யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க. இல்லன்னா..." என்று நிறுத்தினார். இல்லையென்றால் நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். மேடம் சொன்னது சரி. ஒரு வரி முடிகிறது, அடுத்த வரி தொடங்குகிறது, நடுவில் துடைத்து வைத்த மாதிரி வெறுமை. மூச்சே இல்லை.

2. நான் போட்ட போன்

எனக்குப் பொதுவாகவே சந்தேகம் அதிகம். தேங்காயை மூன்று தடவை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இப்போது கேட்க வேண்டுமா! அந்தோணிராஜ் ஒரே டேக்கில் வாசித்தது, கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது, நேரில் வராதது என்று எல்லாமே ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. இப்போதுதான் எதைக் கேட்டாலும் வாசித்துத் தரும் ஆப் இருக்கிறதே. போனில் வாசிக்க வைத்து ரெக்கார்டரில் பிடித்து அனுப்பிவிட்டானோ?

அவனிடமே கேட்டிருக்கலாம். நான் பேண்டு செட் மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"மாஸ்டர், நம்ம அந்தோணி நெசமாவே நல்லா வாசிப்பானா?"

"ஏன் செல்வண்ணே, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணு வாசிச்சுக் குடுத்தான். மெஷின் சத்தம் மாதிரி இருக்கு."

"அப்படியா சேதி!" என்றார் மாஸ்டர். அந்த இழுவையிலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மேடம் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

3. முந்திரி குடோன்

மறுநாள் ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ் பிடித்து ஆண்டிமடம் போனேன். அந்தோணிராஜ் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே! மேடத்துக்குப் புடிச்சுதா? வூட்டுல சொல்லிட்டேன், கார்டுல பேரு வரப்போவுதுன்னு."

"அதுக்குத்தான் வந்தேன். அத நீதான் வாசிச்சியா?"

சிரிப்பு அப்படியே நின்றது. "என்னண்ணே கேக்குறீங்க?"

"மூச்சு எடுக்குற சத்தமே இல்லையேப்பா."

"மூச்சு எடுக்காம எப்படிண்ணே வாசிக்கிறது? நான் என்ன செத்துப்போனவனா?"

"கோவப்படாத. சாக்ஸபோன எடுத்துட்டு வா. இப்ப என் முன்னாடி ஒருக்கா வாசி, முடிஞ்சுது."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். சுற்றி வேலை செய்த ஆட்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாசிக்க மாட்டேண்ணே. பாட்டு கேக்க வந்திருந்தீங்கன்னா நாள் முழுக்க வாசிப்பேன். திருடனப் புடிக்க வந்த ஆளுக்கு வாசிக்க மாட்டேன்."

பஸ் ஏறும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி மாதிரி இருந்தது. மடியில் கனமில்லாதவன் வாசித்துக் காட்டியிருப்பான் என்று நினைத்தேன். இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4. மெமரி கார்டு

நான்கு நாள் கழித்து ஒரு நகைக்கடைத் திறப்புவிழாவை ரெக்கார்ட் செய்யும் வேலை வந்தது. ரெக்கார்டரில் இடம் வேண்டும். உள்ளே இருந்த கார்டை அழிக்கப் போனேன். ஃபார்மட் பட்டன் மேல் விரல் இருந்தது. சரி, அந்த மெஷின் வாசிப்பை இன்னொரு தடவை கேட்டுத் தொலைப்போம் என்று இயர்போனை நேராக ரெக்கார்டரிலேயே சொருகினேன்.

முதலில் கேட்டது மூச்சு.

நன்றாக இழுத்த, நெஞ்சு நிறைந்த மூச்சு. பிறகு சாக்ஸபோனின் பட்டன்கள் 'டக் டக்' என்று மூடும் சத்தம். எங்கேயோ ஒரு ஆடு கத்துகிறது. வரி முடிந்ததும் மறுபடி மூச்சு. வாசிப்பு முடிந்த பிறகும் ரெக்கார்டர் ஓடியிருக்கிறது. அந்தோணிராஜின் குரல் வந்தது. "அண்ணே, ரெண்டாவது வரில நான் மூச்சு எடுத்தது கொஞ்சம் சத்தமா வுழுந்துருச்சு. வேணாம்னா சொல்லுங்கண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வாசிச்சுத் தரேன்."

அடப்பாவி, என்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

அப்படியென்றால் மூச்சு எங்கே போனது? கம்ப்யூட்டரைத் திறந்தேன். புது வேலை எதுவானாலும் நான் ஒரே டெம்ப்ளேட்டில்தான், அதாவது செட்டிங் எல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்த ஃபைலில்தான், தொடங்குவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆட்டோ விளம்பரத்துக்காக நானே செய்து வைத்தது. விளம்பரம் படிக்கிறவர் மூச்சு வாங்குவது கேட்டால் கடைக்காரர்கள் திட்டுவார்கள். அதனால் குரல் வரும் ட்ராக்கில் நாய்ஸ் கேட் போட்டிருந்தேன். ஒரு அளவுக்குக் கீழே வரும் சத்தத்தை உள்ளே விடாமல் அடைக்கிற கதவு அது. அந்த ட்ராக்கில்தான் அந்தோணியின் வாசிப்பையும் போட்டிருக்கிறேன். கடைசியில் அவன் பேசியதைக் கேட்கவே இல்லை. இசை முடிந்த இடத்தோடு கோட்டை இழுத்து வெட்டிவிட்டேன்.

அந்த நாய்ஸ் கேட்டை அணைத்தேன். ஸ்பீக்கரில் அந்தோணி மூச்சு விட்டான்.

மேடத்துக்கு அனுப்பினேன். கால்மணி நேரத்தில் போன். "இப்பத்தான் சார் ஆள் வாசிச்ச மாதிரி இருக்கு. யாரு சார் அவரு?" பேரைச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அவர் பேரின் எழுத்துகளை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்து மாஸ்டருக்குப் போட்டேன். "அடடே, இப்ப சொல்றீங்களேண்ணே. இந்த வருஷப் பவனிக்கு வேற ஆள சொல்லிட்டனே. நீங்க சொன்னத நான் நாலு பேர்கிட்ட சொன்னேன், அவங்க நாப்பது பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க" என்றார்.

5. அவன் வைக்கும் போன்

மறுபடி ஆண்டிமடம். இந்த முறை குடோனில் எல்லார் முன்னாலும் ரெக்கார்டரையும் இயர்போனையும் அவன் கையில் கொடுத்து, "தப்பு என் மேலதான் அந்தோணி. மூச்ச நான்தான் வெட்டிட்டேன்" என்றேன். அவன் முழுக்கக் கேட்டான். தன் குரல் வந்த இடத்தில் கண் கலங்கியது. இயர்போனைக் கழற்றிச் சுருட்டி என்னிடமே கொடுத்தான்.

"பவனி போச்சுல்லண்ணே" என்றான். "ஒம்போது வருஷமா வுடாம வாசிச்சேன்."

ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான். மீதி ஐந்து துண்டுகளையும் என் ஸ்டுடியோவிலேயே வாசித்துக் கொடுத்தான். வெல்டிங்காரரிடம் கெஞ்சி அரை நாள் பட்டறையை மூட வைத்தேன். அவன் பேர் இப்போது பெரம்பலூர் பைபாஸில் மெனு கார்டின் பின்பக்கம் இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். அடுத்த வருடப் பவனிக்கு மாஸ்டர் அவனையே கூப்பிட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் பதிவானதைப் பதிவான கருவியிலேயே, முதலிலிருந்து கடைசிவரை, பேச்சும் இருமலும் உட்படக் கேளுங்கள். யார் மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் உங்கள் டெம்ப்ளேட்டைத் திறந்து பாருங்கள்.

அந்தோணிராஜ் இன்றும் என்னிடம் வாசிக்கிறான். அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் சாக்ஸபோனை வாயில் வைப்பதற்கு முன், தன் போனை எடுத்து எதிர் ஸ்டூலில் நிமிர்த்தி வைத்து வீடியோவைப் போட்டுவிடுகிறான். முதல் தடவை, "எதுக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே" என்றான்.

அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. அவன் போனில் சிவப்புப் புள்ளி எரியும்வரை நான் என் ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதும் இல்லை.