மாப்பிள்ளை கேட்ட அனுமதி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்தார்களாம். உடம்பு சரியில்லையா, ஊருக்குப் போய்விட்டாரா என்று.

ஊருக்குத்தான் கிளம்பினேன். கொஞ்சம் தூரமான ஊர். பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்...

குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த கேரட், முட்டைக்கோஸ், பூசணி எல்லாம் ஏலம் போய் முடிந்தது. மத்தியானம் சபை ஹாலில் மட்டன் பிரியாணி. சோலூரிலிருந்து என் மகள் ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள்.

நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கே போனாலும் எனக்கு ஓரம்தான். பல்செட் கைப்பையில் பத்திரமாக இருந்தது. அது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், சாப்பாட்டுக்கு ஆகாது.

ஒரு பெரிய கறித்துண்டை வாயில் போட்ட நேரம் பார்த்து பாஸ்டரம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"உங்க பத்தியை வாராவாரம் படிக்கறேனுங்க. எப்படீங்க இவ்வளவு யோசனை வருது?"

பாராட்டுகிறவர் நின்றுகொண்டிருக்கிறார். நான் மென்றுகொண்டே இருக்கலாமா? வாயில் சோற்றோடு பதில் சொல்லலாமா? துப்பலாமா? மூன்றும் மரியாதை இல்லை. ஆகவே துண்டை முழுசாக விழுங்கினேன்.

அது உள்ளேயும் போகவில்லை. வெளியேயும் வரவில்லை.

புரை ஏறினால் இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். இது அப்படி இல்லை. சத்தமே இல்லை. இருமப் பார்த்தேன், காற்று இல்லை. 'அம்மா' என்று கூப்பிடப் பார்த்தேன், வாய் திறந்தது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் ஒரு மனுஷி என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து உலுக்க வேண்டும். இலையைத் தள்ளிவிட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாஸ்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். எழுந்தேன். பந்தியில் நாலு பேர் சாப்பிடும்போது அருவருப்பாக எதுவும் நடந்துவிடக் கூடாதே என்று, பாத்திரம் கழுவும் பின்பக்கத்துக்கு நடந்தேன்.

"அம்மா கை கழுவப் போறாங்க, வழி விடுங்கப்பா!" என்று ஒருவர் பெஞ்சை வேறு நகர்த்திக் கொடுத்தார்.

பின்வாசலில் பக்கத்து வீட்டு எஸ்தர் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அண்டாவைக் கீழே வைத்தாள். நல்லவேளை, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எஸ்தர் என் உச்சந்தலையில் தட்டினாள்.

"ஆரோ நெனைக்கறாங்கக்கா!"

அதைக் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் கூடினார்கள். எல்லாருக்கும் ஒரு தலைதான் கிடைத்தது. மாறி மாறித் தட்டினார்கள்.

"திருப்பூர்ல இருக்கற மகன்தான் நெனைப்பான்."

"அவனெங்க நெனைக்கறான்! போன் பண்ணவே நேரமில்லீங்கறான். இது அந்த அண்ணனாத்தான் இருக்கும். பண்டிகை நாளாச்சே, பொண்டாட்டி நெனப்பு வந்திருக்கும்."

அந்த அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். காலமாகி வெகுநாள் ஆகிறது. நினைக்கிறாரா இல்லையா என்று இவர்கள் இவ்வளவு விவாதிக்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தால் நானே நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

எஸ்தர் ஒரு சொம்புத் தண்ணீரை வாயில் சாய்த்தாள். தண்ணீர் போக இடம் ஏது? அப்படியே புடவையில் வழிந்தது. கண்ணுக்குள் சின்னச் சின்னப் பொட்டுகள் பறந்தன. காதுக்குள் ஃபேக்டரி மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவர்கள் எல்லாரும் என்மேல் பிரியமாக இருக்கிறார்கள், அந்தப் பிரியத்துக்கு நடுவிலேயே நான் போய்விடுவேன் என்று தெரிந்துவிட்டது.

ஸ்டெல்லா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என் கை தொண்டையைப் பிடித்திருந்ததைப் பார்த்தாள்.

"ஏனுங்க! ஓடியாங்க! அம்மாவுக்கு உதடெல்லாம் நீலமாப் போச்சு!"

மாப்பிள்ளை பந்தியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை. அங்கே எல்லாருக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் விழ விடாத மனிதர், பிரியாணிக் கையை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை. மரியாதை! அவர் முன்னால் நான் உட்கார மாட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பேன். "அத்தைகிட்டப் போதும்னு சொல்லு" என்பார். நடுவில் ஸ்டெல்லா, டெலிபோன் கம்பி மாதிரி.

அன்றும் அப்படித்தான். ஓடி வந்தவர் என் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார்.

"ஸ்டெல்லா, அத்தையைப் புடிக்கலாமான்னு கேளு. கேட்டுட்டுத்தான் தொடணும்னு டிரெயினிங்ல சொல்லியிருக்காங்க."

எனக்கு மூச்சு இல்லை. ஆனால் காது கேட்டது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மாப்பிள்ளை என்னைக் கட்டிப் பிடிப்பதா?

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று!

"வேண்டாங்கறாங்களே..." மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது.

ஸ்டெல்லா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"காப்பி வேணுமான்னு கேட்டாலும் அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க! புடிங்க!"

அவ்வளவுதான். என்னை முன்னால் குனிய வைத்து, நெஞ்சை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஓங்கி அடித்தார்.

"அய்யய்யோ, மாமியாளைப் போட்டு அடிக்கறாரே!" என்று யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்டெல்லா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அடிக்கு அது அசையவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகளும் என்னைச் சுற்றி வந்தன. தொப்புளுக்கு மேலே ஒரு முஷ்டி. அதன்மேல் இன்னொரு கை. உள்ளே அழுத்தி, மேலே ஓர் இழுப்பு. கால் தரையில் நிற்கவில்லை. இன்னொரு இழுப்பு. இன்னொன்று...

கறித்துண்டு வெளியே வந்து விழுந்தது. யார் இலையிலும் விழவில்லை, அந்த மானம் தப்பியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கேட் கீல் கிரீச்சிடுகிற மாதிரி. என் மூச்சுதான்.

"ஸ்தோத்திரம்!" என்றாள் எஸ்தர். "நான் தட்டுன தட்டுலயே அது பாதி எளகியிருச்சு!"

வயிற்றை அப்படி அழுத்தினால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை (ஸ்டெல்லா மூலமாக) சொன்னார். குன்னூருக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் சின்னப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எதுக்கு எந்திரிச்சுத் தனியாப் போனீங்க? அப்படிப் போறவங்கதான் யாரும் பாக்காம விழுந்துடறாங்க."

இருமல் வந்தால் இருமவே விட வேண்டுமாம். பேச்சும் இருமலும் நின்றுவிட்டால் முதுகில் ஐந்து அடி, அப்படியும் வெளியே வராவிட்டால் வயிற்றில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. தலையில் தட்டக் கூடாது. தண்ணீர் கூடாது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. கைக்குழந்தைக்கும் மாசமாக இருப்பவருக்கும் முறை வேறு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"மயக்கம் போட்டு விழுந்திருந்தா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"கீழ படுக்க வெச்சு, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிட்டு, நெஞ்சை அமுக்கணும். நடுநடுவே வாயோட வாய் வெச்சு ஊதணும்."

"ஆரு ஊதறது?"

"டிரெயினிங் எடுத்தவங்கதான். உங்க வீட்டுக்காரர்!"

நான் கூரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் குன்னூர் பஸ் ஸ்டாண்டை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இழுப்புகளுக்கு முன்னாலேயே நான் மயங்கி விழாமல் போனதற்கு அந்த மனிதர் எத்தனை ஜெபம் செய்திருப்பாரோ!

நாங்கள் திரும்பி வருவதற்குள் எஸ்டேட் லயன் வீடுகள் முழுக்கச் செய்தி போயிருந்தது. உயிர் பிழைத்த செய்தி இல்லை. பண்டிகை நாளும் அதுவுமாக மாமியாரை மாப்பிள்ளை முதுகில் அடித்துவிட்டார் என்ற செய்தி. "என்ன பிரச்சனைக்கா, சொத்து கித்து?" என்று விசாரிக்க வந்தவர்களும் உண்டு. விலா வலியோடு நான் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன்.

அதன் பலனாக ஒன்று நடந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நர்ஸ் ஒருவரை பாஸ்டர் வரவழைத்தார். ஆண்களும் பெண்களும் எல்லாரும் பழக வேண்டும் என்றார். ஊதிப் பழக ஒரு ரப்பர் பொம்மை. வயிற்றில் கை வைக்கும் இடத்தைக் காட்ட மட்டும் ஓர் ஆள் வேண்டும், அழுத்த மாட்டேன், யாராவது ஒரு அம்மா வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டார்.

முந்தானை எல்லாம் வாய்க்குப் போனது. பெஞ்செல்லாம் பின்னால் நகர்ந்தது. ஒருத்தி இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். இத்தனை பேர் நடுவில்தான் நாளைக்கு யாருக்காவது தொண்டை அடைக்கும். அன்றைக்கும் இப்படியே நிற்பார்கள் அல்லவா?

சபையில் ஒருநாள் கூட எழுந்து நின்று ஒரு வசனம் வாசித்தவள் இல்லை நான். எப்படி நடந்தேன் என்று தெரியாது. முன்னால் போய் நின்றேன்.

முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் ஒன்று... வெட்கப்படுவதற்கும் மூச்சு வேண்டும்!