அந்தோனியம்மாவின் புழுக் கணக்கு

அந்தோனியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் வெட்கத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சமயம் அவளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவன் நான். அவள் கேட்கவில்லை. கேட்காமல் போனாளே என்று இன்றுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லித் திரிகிறேன்.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் மருந்துக்காரன். எங்கள் டிஸ்பென்சரி இரண்டு அறையும் ஒரு வராந்தாவும்தான். என்னைத் தவிர அங்கே வேலைக்கு இருந்த ஒரே ஆள் அந்தோனியம்மா. தரை கழுவுவது, தண்ணீர் சுடவைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் போட்ட கட்டு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. நான் போட்டது ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் நழுவிவிடும்.

அவள் தினமும் கட்டிய புண்களில் ஒன்று அவள் புருஷன் லோரன்ஸுடையது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கிக் கணுக்காலுக்கு மேல் இறங்கிவிட்டது. இரண்டு வருஷமாகியும் ஆறவில்லை. என்னிடம் இருந்த களிம்பு, பொடி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ‘அடுத்த கவ்வாத்துக்குப் பெரட்டுல வந்து நிக்கலன்னா பேர வெட்டிருவேன்’ என்று, காலையில் ஆள்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கண்டாக்கு சொல்லிவிட்டார். பெயரை வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். மூன்று பிள்ளைகளோடு அவர்கள் எங்கே போவார்கள்?

எழுபத்தொன்பதாம் வருஷம் கணேசமூர்த்தி என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் எங்கள் ஓடையைத் தேடி வந்தார். பக்கத்து ஊர் அட்டன்காரர்தான். ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியில் நகத்தளவு தட்டைப்புழுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றைத் தலைக்குக் கீழே வெட்டினால் வால் துண்டு சாகாது. காயம் மூடி, புதுத் தலை வளர்ந்து, இரண்டு கண்புள்ளியும் வரும். சிவப்பு வெளிச்சம் பட்டால் அது சீக்கிரமாக நடக்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பல்கலைக்கழகம் இருந்த கீழ்நாட்டு வெக்கையில் புழுக்கள் இரண்டே நாளில் செத்துப்போவதால், வெட்டியதை இங்கேயே வைத்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

“புழுவுக்கு ஆறுனா மனுசனுக்கும் ஆறுமாங்க சார்?” என்று அந்தோனியம்மா கேட்டாள்.

“அதுதாம்மா தெரியல. மொதல்ல புழுவப் பார்ப்போம். நல்லபடியா வந்தா ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் புண்ணுக்குக் காட்ட இந்த டிஸ்பென்சரிக்கு ஒரு செவப்பு வெளக்கு தர்றேன்னு சொல்லியிருக்காரு” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து அந்தப் புழுக்களைப் பிடுங்க யாராலும் முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளை எனாமல் கோப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் இருபது வால் துண்டுகள். ஒன்றுக்குத் தினமும் அரைமணி நேரம் சிவப்புக் கண்ணாடி வழியாக விளக்கு வெளிச்சம். விளக்குச் சூடு புழுக்கள் மேல் படாமலிருக்க நடுவில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தட்டு. மற்றதற்கு இருட்டு. எங்கள் ஊரில் இருட்டு வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது, தேயிலைப் பெட்டி. துணி வைப்பதும் அதில்தான், கோழி அடைப்பதும் அதில்தான். ஃபெக்டரியிலிருந்து ஒன்றை நானே தூக்கி வந்தேன். கோப்பை அதற்குள் போயிற்று.

காலையிலும் மாலையிலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ணுவாள். கண்புள்ளி வந்ததைக் கொப்பியில் பென்சிலால் குறிப்பாள். நோயாளிகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ‘அந்தோனியம்மா புழுவுக்கும் கட்டுப் போடுறா’ என்று லயமெல்லாம் பேச்சு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளிச்சம் பட்டவை எட்டு நாளில் கண் திறந்தன. இருட்டில் கிடந்தவற்றுக்குப் பன்னிரண்டு நாள். இன்னொரு முறை வெட்டிப் பார்த்தபோதும் அதே கணக்கு. கணேசமூர்த்தி சாருக்குக் கால் தரையில் படவில்லை. பெரிய டாக்டருக்கு அறிக்கை எழுதி டைப் அடித்தும் முடித்துவிட்டார். விளக்கு வந்த மாதிரிதான். லோரன்ஸ் தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டக்கூட ஆரம்பித்துவிட்டான்.

அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது அந்தோனியம்மா கோப்பைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தவள் திடீரென்று நிறுத்தினாள். ஒரு கோப்பையின் உள்விளிம்பில் மெல்லிய பழுப்பு வளையம். மற்றதில் இல்லை. எழுந்து போய்த் தேயிலைப் பெட்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துத் தட்டினாள். இடுக்குகளிலிருந்து தேயிலைத் தூள் கொட்டியது.

“ஐயா, மூடித் தொறக்குறப்பெல்லாம் தேத்தூளு தண்ணியில விழுந்திருக்குங்க. இருட்டுப் புழுவுக்கு லேட்டானது வெளிச்சம் இல்லாததாலயா, தேத்தூளாலயான்னு இப்ப சொல்ல முடியாதுங்க.”

வேறு ஊர்க்காரன் என்றால் பெட்டியைத் திறந்ததுமே வாசம் பிடித்திருப்பான். எங்கள் துணி, தலைமயிர், சோறு எல்லாமே தேயிலை வாசம். அது எங்கள் மூக்குக்குத் தெரிவதேயில்லை.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னேன். “வாய மூடிக்கிட்டு இரு. வெளக்கு வரட்டும். ஒனக்கு ஒம் புருசன் காலு பெருசா, புழு பெருசா?”

அவள் அந்தக் கோப்பையைத் தனியே எடுத்து வைத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சரியாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை சார் வந்ததும் அந்தக் கோப்பையைக் கழுவாமலேயே அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் வராந்தாவில் உட்கார்ந்து அந்த வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்தப் பெட்டி போதும் என்று சொன்னதே அவர்தான், யாரைத் திட்டுவார்? கடைசியில் எழுந்து, “மறுபடி வெட்டுவோம்மா” என்றார்.

இந்த முறை இரண்டு கோப்பைக்கும் ஒரே மாதிரி பிஸ்கட் டின். அந்தோனியம்மா அவற்றை வெந்நீரில் மூன்று தரம் கழுவினாள். தண்ணீரும் ஒரே பீலிக் குழாயிலிருந்து பிடித்தாள். வெளிச்சத்துக்கு எட்டு நாள், இருட்டுக்கு ஒன்பது நாள். நான்கு நாள் வித்தியாசம் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. அவள் அதைத்தான் எழுதினாள். சாரும் பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேத்தூள் கதையைச் சேர்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

விளக்குப் போச்சு என்று நான் தலைமுழுகியிருந்தேன். ஆனால் பெரிய டாக்டர் விளக்கோடு நேரிலேயே வந்தார். “தன் பிழையைத் தானே சொன்ன அந்த அம்மா யார்?” என்று கேட்டார். ஒரு நாள் வித்தியாசத்தை நம்பி மனிதருக்கு வைத்தியம் செய்ய முடியாது, மனிதரையும் அதே மாதிரி கணக்கு வைத்துத்தான் பார்க்க வேண்டும், அந்தக் கணக்கை அந்தோனியம்மாதான் எழுத வேண்டும் என்றார். பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து ஆறாத புண் உள்ளவர்கள் இருபத்துநான்கு பேர். எல்லாருக்கும் வழக்கமான கட்டு. சீட்டுப் போட்டுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கூடவே சிவப்பு வெளிச்சம். பதினாறு வாரம்.

லோரன்ஸ் எடுத்த சீட்டில் ‘இல்லை’ என்றிருந்தது.

அன்று எல்லாரும் போன பிறகு நான் அவளைக் கூப்பிட்டேன். “சீட்டெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. மாத்தி வச்சிட்டா எவனுக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேங்க ஐயா” என்றாள். அவ்வளவுதான்.

பதினாறு வாரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் மற்றவர்களுக்கு விளக்கைத் திருப்பிவைப்பாள். வெளியே வந்து, வராந்தா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் புருஷன் காலைக் கழுவிக் கட்டுவாள். ஒரு நாள் அவன் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“ஏன்டி, அந்த வெளக்கு அவ்வளவு தூரமாவா இருக்கு?”

“சீட்டு எடுத்தது நீங்கதானே. கால ஆட்டாதீங்க” என்றாள். அவன் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் அவள் போட்ட கட்டை அவிழ்த்து மறுபடி கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

விளக்கு பட்டவர்களில் எட்டுப் பேருக்குப் புண் மூடியது, படாதவர்களில் ஆறு பேருக்கு. கடைசி நாள் கொப்பியில் அவள் கைப்பட எழுதியது: ‘லோரன்ஸ். வெளிச்சம் இல்லை. ஆறவில்லை.’ கொப்பியை மூடி என்னிடம் தந்தாள். அதே மூச்சில் புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள்.

ஐந்தாவது வாரம் புண் மூடிக்கொண்டது. கவ்வாத்து தொடங்கிய காலையில் லோரன்ஸ் கத்தியோடு பெரட்டில் நின்றான். கண்டாக்கு அவன் பெயரைக் கூப்பிட்டதைக் கேட்கவே நான் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

அடுத்த மாதம் வந்த பெரிய டாக்டர் லோரன்ஸின் காலைத் தடவிப் பார்த்தார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்தோனியம்மாவிடம் திரும்பி, “பார்த்தீர்களா, விளக்கு ஆற்றிவிட்டது” என்றார்.

இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் அந்தப் புண்ணைக் கழுவியவள் அவள். அவள் சொன்னாள்:

“தெரியாதுங்க சார். இவரு ஒரே ஒரு ஆளுதானே.”